இரண்டடி வள்ளம்

1984 டிசம்பர் 11, செவ்வாய்

இன்றைக்கும் பலகை வரவில்லை.

கடற்கரை வீதித் தொடக்கத்தில் காவல் நிற்கிற ஆமிச் சென்றிக்காரர் வண்டிலை மறித்து, இலுப்பைப் பலகைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, ஒருத்தன் மூக்கில் வைத்து மணந்தும் பார்த்து, வந்த வழியே திருப்பி அனுப்பிவிட்டார்கள். தொழில் அட்டை இல்லாமல் மரம் உள்ளே போகக்கூடாதாம். குருநகர்க் கரை முழுக்க என்ரை மனுசன் கட்டின வள்ளம் நிற்கிறது. இவர் ஓடாவி என்பதை இனி அரசாங்கம் அட்டை அடித்துத் தந்தால்தான் நம்புவார்களாம். கண்டறியாத அட்டை!

கொட்டிலுக்குள் நீக்கிலாப்பிள்ளையின் வள்ளம் அரைகுறையாக நிற்கிறது. அடிமரமும் வளைமரங்களும் மட்டும். மேலே பலகை அடிக்காவிட்டால் அது வள்ளம் இல்லை, பெரிய கோழிக்கூடு. ஆழக்கடலைத் தடை வலயம் என்று பூட்டிவிட்டார்கள். கரையோரத்தில் பகலில் துடுப்புப் போட்டு ஏதாவது பிடிக்கலாம். அதற்கும் ஒரு வள்ளம் வேணுமே. நீக்கிலாப்பிள்ளையின் பழைய வள்ளம் புழுத்து விறகாய்ப் போய்விட்டது. அவன் வீட்டில் சின்னதும் பெரிசுமாக ஐந்து வாய்.

இதற்குள் அச்சுவேலியிலிருந்து கனகலிங்கம் முதலாளி ஆள் அனுப்பியிருக்கிறார். கதவு யன்னல் செய்து விற்கிறவர். சிமியோன் ஓடாவியார் சம்பளத்துக்கு வரட்டும், அவருடைய உளி சுத்தியல் எல்லாவற்றையும் நானே விலைக்கு எடுக்கிறேன், சித்திரை வருசத்துக்கு முதல் பதில் வேணும் என்றாராம். இவர் "யோசிப்பம்" என்றார்.

என்ரை மனுசன் யோசிப்பம் எண்டு சொன்னால் அது முக்கால்வாசி ஓம். யன்னல் செய்யப் போனால் இந்த மனுசன் செத்துப்போகும். சாகாது, வீட்டிலை இருந்து என்னைச் சாகடிக்கும். கடவுளே, அந்த அட்டையை எங்கை போய் எடுக்கிறது?

டிசம்பர் 13

அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். அட்டை வந்தால் பெரிய திரி, வராவிட்டால் இதுதான் கடைசித் திரி என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தேன்.

டிசம்பர் 18, செவ்வாய்

அந்தோனியாரை வெருட்டினால் வேலை நடக்கும் போலிருக்கிறது. அட்டை தரக்கூடிய ஆளே சைக்கிளில் வந்து இறங்கினார்.

பெயர் நமசிவாயம். அரியாலை ஆள். கைப்பணி அபிவிருத்திக் கந்தோரில் உத்தியோகம். ஒரு குடை, ஒரு தோல் பை, காற்சட்டை சங்கிலிக்குள் மாட்டாமல் இருக்க இரண்டு கால்களிலும் கிளிப். பாரம்பரியக் கைவினைஞர்களைத் தேடிப் பதிந்து அட்டை கொடுக்கச் சொல்லிக் கொழும்பிலிருந்து உத்தரவாம். கடலைப் பூட்டினதும் அரசாங்கம். வள்ளம் கட்டுகிறவனுக்கு வீடு தேடி வந்து அட்டை தருகிறேன் என்கிறதும் அதே அரசாங்கம். இவர்கள் ஆளோடு ஆள் கதைக்கிறதே இல்லையோ?

நல்ல கதிரையைத் துடைத்துப் போட்டேன். தேத்தண்ணி கொடுத்தேன். மனுசன் பையைத் திறந்து கேட்கத் தொடங்கினார்.

"பிரம்பு வேலை?"

"இல்லை ஐயா," இவர்.

"களிமண்? பித்தளை? பனையோலை?"

"இல்லை."

"முகமூடி?"

"இவரின்ரை மூஞ்சையே போதும் ஐயா," என்றேன் நான். உத்தியோகத்தர் சிரிக்கவில்லை. இவர் என்னைப் பார்த்த பார்வையில் தேத்தண்ணி ஆறிப்போயிருக்கும்.

வள்ளம் என்று எழுத இடமே இல்லையாம். எழுதினாலும் அந்தத் தாள் கைப்பணிக்குப் போகாது, பாதுகாப்புக்காரரிடம் போகும், அட்டைக்குப் பதிலாக விசாரணைதான் வரும் என்றார். அதுவும் உண்மைதான். கடைசியில் பட்டியலின் அடியில் ஒன்று கண்டுபிடித்தார். விளையாட்டுப் பொருட்கள்.

"இரண்டடிக்குள்ளை ஒரு வள்ளம் செய்து தாங்கோ ஓடாவியார். ஜனவரி இருபத்துமூண்டு நான் வந்து எடுக்கிறன். கொழும்பிலை கண்காட்சிக்கு வைப்பினம். அங்கை காட்சிக்கு வைச்சால்தான் அட்டை. அதுதான் சட்டம்."

நான்தான் முந்திக்கொண்டு "ஓம் ஐயா, செய்வார் ஐயா" என்றேன். படலை வரைக்கும் போய் வழியனுப்பினேன். நல்ல மனுசன்தான். குடையை விட்டுவிட்டுப் போய், திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனார்.

டிசம்பர் 19

இவர் சாப்பிடவில்லை. காலையிலும் இல்லை, மத்தியானமும் இல்லை. கடைசியில் வாய் திறந்தார்.

"நான் என்ன பொம்மைக்காரனோ? கோயில் பெருநாளிலை கடலை வண்டிலுக்குப் பக்கத்திலை நிண்டு ஊதுகுழல் விக்கவோ?"

"அட்டையைத் தாறன் எண்டுதானே அந்தாள் சொல்லுது. பலகை வரவேணும் எண்டால் பொம்மையையும் செய்து குடுங்கோவன்."

"நீயே செய்து குடு."

இந்த மனுசனைக் கட்டிவைத்த தரகரை இன்றைக்குச் சந்தையில் கண்டால் திருக்கை வாலால் அடிப்பேன். தரகர் போன வருசமே மோட்சம் போய்விட்டார், தப்பினார்.

டிசம்பர் 26

நேற்று நத்தார். பூசை முடிய நீக்கிலாப்பிள்ளை வாழ்த்துச் சொல்ல வந்தான். நல்ல நாள் என்று கொஞ்சம் கள்ளும் போட்டிருந்தான். கதைத்துக்கொண்டு நின்றவன் கொட்டிலுக்குள் போய், பலகையில்லாத தன் வள்ளத்துக்குள் ஏறி, வளைமரத்துக்கு நடுவில் உட்கார்ந்து, இல்லாத துடுப்பை வலிக்கத் தொடங்கிவிட்டான். கால் இரண்டும் வெளியால் மணலில்.

"எப்பிடி அண்ணை, ஓடுதே?"

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அவன் நிறுத்தாமல் வலித்துக்கொண்டே இருந்தான். முகம் மாறிப்போயிற்று. இவர் போய்க் கையைப் பிடித்து இறக்கினார். இறக்கும்போது இவருக்கும் கண் கலங்கியிருந்தது, வெயில் என்று சொல்லுவார்.

இன்று விடியக் கொட்டிலுக்குள் மரம் சீவுகிற சத்தம். எட்டிப் பார்த்தேன். மிச்சத் துண்டு ஒன்றை மடியில் வைத்துச் சீவிக்கொண்டிருந்தார். நான் பார்க்காத மாதிரி வந்துவிட்டேன். ஏதும் சொன்னால் திரும்ப முருங்கையில் ஏறிவிடும்.

1985 ஜனவரி 9, புதன்

வள்ளம் சின்னது, இடக்கு முடக்கு பெரிசு.

இரண்டடி வள்ளத்துக்கும் நல்ல நேரம் பார்த்துத்தான் அடிமரம் போட்டார். மெழுகுதிரி கொளுத்தி, செபம் சொல்லி, முதல் அடி அடித்தார். இருக்கிற உளி எல்லாம் பெரிசு என்று என்ரை பழைய குடைக்கம்பியைத் தீட்டி உளியாக்கினார். பாய் வேணுமென்று என்ரை கோயில் முக்காட்டைக் கேட்டார். "புதுசையோ பழசையோ?" என்றேன். "பாயெண்டால் நல்ல துணி வேணும்" என்றார். புதுசு போயிற்று.

ஊர்ச் சனம் வேலைவெட்டி இல்லாமல் இருக்கிறது. கடல் பூட்டு. ஆகையால் முழுப்பேரும் எங்கள் கொட்டிலில். ஒருத்தன் முன்பக்கம் கொஞ்சம் தூக்கல் என்கிறான். மற்றவன் பாய்மரம் பின்னுக்குப் போய்விட்டது என்கிறான். என்ரை மச்சாள் சின்னத்தங்கம், இவருடைய தமக்கை, மீன் கடகத்தைத் தலையில் வைத்தபடியே வந்து நின்று சட்டம் சொன்னா.

"தம்பி, உதிலை எத்தினை பேர் ஏறலாம்?"

"ரெண்டு எலி," என்றான் நீக்கிலாப்பிள்ளை. "ஒண்டு தண்டு வலிக்கும், மற்றது தண்ணி இறைக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். எவ்வளவு காலமாயிற்று. நான் அடுப்படிக்குள் போய்க் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

ஜனவரி 20, ஞாயிறு

எங்கள் பகுதியில் பங்குச் சுவாமி தீர்த்தம் தெளித்து மந்திரிக்காத வள்ளம் கடல் காணாது. அது பெரிய வள்ளத்துக்கு. இவர் பூசை முடிய இரண்டடி வள்ளத்தைக் கையில் ஏந்திக்கொண்டு சுவாமியிடம் போய் நிற்கிறார், ஞானஸ்நானத்துக்குப் பிள்ளை கொண்டுவந்த மாதிரி. வெட்கத்தில் நான் தூணுக்குப் பின்னால்.

"என்ன சிமியோன் இது?"

"வள்ளம் சுவாமி."

"ஆர் கடலுக்குப் போறது?"

"கொழும்புக்குப் போகுது சுவாமி. கண்காட்சிக்கு."

"அப்ப கட்டாயம் மந்திரிக்கத்தான் வேணும்," என்றார் சுவாமி. தீர்த்தம் தெளித்தார். பாய் நனைந்துவிட்டது. பின்பக்கத்தைச் சுற்றித் துணி கட்டியிருந்ததை அவிழ்க்கச் சொன்னார், பூச்சுக் காயவில்லை என்று இவர் மறுத்துவிட்டார். "முதல் பாடு கோயிலுக்கு, மறக்காதை" என்று சுவாமி சொல்ல, கோயில் முழுக்கச் சிரிப்பு. புது வள்ளத்தின் முதல் மீன்பாடு கோயிலுக்கென்பது வழமை. இந்த வள்ளம் ஒரு நெத்தலி பிடித்தாலே தாழும்.

ஜனவரி 22, செவ்வாய்

கோதாரி. கோதாரி. கோதாரி.

என்னத்தை எழுத. நாளைக்கு உத்தியோகத்தர் வாறார். வள்ளம் இல்லை.

கட்டினவன் தன்ரை கையாலை கடலிலை இறக்கி, உப்புத்தண்ணி காட்டி, பிசகில்லாமல் மிதக்குது எண்டு கண்ட பிறகுதான் வள்ளத்தைக் கையளிக்கிறது. ஓம், அது வழமை, எனக்கும் தெரியும். ஆனால் இது கொழும்பிலை மேசைக்கு மேலை நிக்கப் போற வள்ளம்! மேசை தாழுமோ? எவ்வளவு சொன்னன். "கடல் காணாத வள்ளத்தைக் குடுத்தால் நான் ஓடாவியில்லை" எண்டு ஒரே பிடி. பத்துப் பேர் பின்னாலை. கரையிலை பெருநாள் மாதிரிச் சனம்.

இறக்கினார். மிதந்துது. சும்மா மிதக்கேல்லை, வடிவா நிமிந்து நிண்டுது. எல்லாரும் கை தட்டினம். நானும்தான் தட்டினன், பொய் சொல்லக்கூடாது.

பாயை ஏன் விரிச்சனியள்? ஏன்? வாடைக்காத்து ஊளையிடுற மாசத்திலை, கயிறும் கட்டாமல்! "கொஞ்சம் ஓடிப் பாக்கட்டும்" எண்டாராம். ஓடிப் பாத்துது. ஓடி ஓடிப் பாத்துது. நீக்கிலாப்பிள்ளை கழுத்தளவு தண்ணி வரைக்கும் இறங்கிப் போனான், எட்டேல்லை. என்ரை முக்காடு மண்டைதீவுப் பக்கம் போய்க்கொண்டே இருந்துது. "பாரன், ஒரு பக்கமும் சரியாமல் போகுது" எண்டு இவர் எனக்குச் சொல்லுறார். எனக்கு! அந்த நேரத்திலை!

அங்காலை ரோந்துப் படகு நிண்டது ஒருதருக்கும் நினைவில்லை. படபடவெண்டு சூடு. சனம் விழுந்தடிச்சு ஓடி, எல்லாரும் கட்டிலுக்குக் கீழை. சின்னத்தங்கம் மச்சாள் கடகத்தைக் கவிட்டுத் தலையை அதுக்குள்ளை விட்டபடி மாதா மன்றாட்டு. ரெண்டு எலி வள்ளத்துக்கு இவ்வளவு சூடோ? ஒரு சீவனுக்கும் ஒண்டும் நடக்கேல்லை, மாதாவுக்குத் தோத்திரம்.

சத்தம் நின்ற பிறகு எட்டிப் பார்த்தோம். வள்ளத்தைத் தூக்கிக்கொண்டு ரோந்துப் படகு போய்விட்டது.

ஜனவரி 23

"எங்கை வள்ளம்?" என்றார் நமசிவாயம்.

"கடலிலை," என்றார் இவர்.

"ஏன் கடலிலை விட்டனியள்?"

"வள்ளம் ஐயா. பின்னை மரத்திலையோ ஏத்துறது?"

உத்தியோகத்தர் கதிரையில் இருந்தபடி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். நாளைக்குச் சாமான் எல்லாம் லொறி ஏறுகிறது, இனி இன்னொன்று செய்தாலும் சேர்க்க மாட்டார்கள் என்றார். ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசியிருப்பேன். "மாதிரி கிடைக்கவில்லை" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். குடையை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

பெப்ரவரி 20, விபூதிப் புதன்

கனகலிங்கம் முதலாளி இன்றைக்குத் தானே நேரில் வந்தார், தச்சு ஆயுதம் பார்க்க. வாள், வாச்சி, இழைப்புளி, துறப்பணம், எல்லாவற்றையும் இவர் எண்ணெய் போட்டுத் துடைத்துச் சாக்கில் பரப்பி வைத்திருந்தார். முதலாளி ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்துப் பார்க்கிற மாதிரிக் கையில் வைத்துப் பார்த்தார்.

"நல்ல சாமான். யன்னலுக்கு இவ்வளவு கனம் தேவையில்லை. ஆனாலும் எடுக்கிறன்."

சித்திரைக்கு முதல் வந்து ஏற்றுவதாகச் சொல்லிப் போனார். போன பிறகு இவர் சாக்கைக் கட்டி மூலையில் வைத்தார். நான் கிணற்றடிக்குப் போய் அழுதேன். நெற்றியில் பூசின சாம்பல் கரைந்து வாய்க்குள் போயிற்று. மண்ணாயிருக்கிறாய் என்று சுவாமி காலமை பூசும்போது சொன்னதற்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

பெப்ரவரி 26

நீக்கிலாப்பிள்ளை கூலிக்கு ஒருத்தருடைய தூண்டிலோடு போனான். வரும்போது எங்களுக்கும் இரண்டு மணலை மீன் கொண்டுவந்தான். அவன் தருகிறான், நாங்கள் வாங்குகிறோம். எங்கள் இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை.

மார்ச் 5, செவ்வாய்

இதை எழுதக்கூடாது. எழுதாமலும் இருக்க ஏலாது. எழுதி முடியக் கொப்பியை அரிசிப் பானைக்குள் வைக்கவேணும்.

மத்தியானம் நீக்கிலாப்பிள்ளை ஓடிவந்தான். வாசிகசாலைப் பேப்பரைச் சேட்டுக்குள் ஒளித்துக் கொண்டுவந்திருந்தான். விரித்துக் காட்டினான். கொழும்பில் ஒரு மண்டபத்தில் வடக்கில் பிடித்த ஆயுதங்களையும் சாமான்களையும் சனத்தின் பார்வைக்கு வைத்திருக்கிறார்களாம். படம் போட்டிருக்கிறது. துவக்கு, வயர்ச் சுருள், பற்றரி, ரேடியோப் பெட்டி. எல்லாவற்றுக்கும் நடுவில், உயரமான மேசையில், விரித்த பாயோடு, நம்முடைய வள்ளம்.

"இரகசியமாகப் படகு கட்டும் இடமொன்றின் மாதிரிப் படகு" என்று எழுதியிருந்தது. சனம் வரிசையில் நின்று பார்க்கிறதாம்.

இவர் பேப்பரைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துக் கனநேரம் பார்த்தார். நான் நினைத்தேன் மனுசனுக்கு மயக்கம் வருகிறதென்று.

"பாயிலைதான் ஓட்டை. பலகைக்கு ஒண்டும் இல்லை," என்றார். "பாய்க்கயிறைப் பிழையாக் கட்டியிருக்கிறாங்கள், மடையர்."

நீக்கிலாப்பிள்ளை கீழே எழுதியிருந்ததை வாசித்தான். படகின் பின்புறத்தில் 'மக்டலீன்' என்று தமிழில் கம்பியால் சுட்டு எழுதியிருக்கிறதாம். இது ஒரு சங்கேதச் சொல்லாக இருக்கலாம் என்று விசாரிக்கிறார்களாம்.

மக்டலீன் நான்.

கலியாணம் கட்டி எத்தனை வருசம்! "இஞ்சை" எண்டு கூப்பிடும். கோபமெண்டால் "உன்னைத்தான்" எண்டு கூப்பிடும். ஒருநாள், ஒரே ஒருநாள் என்ரை பேர் அந்த வாயாலை வந்ததில்லை. பூச்சுக் காயேல்லை எண்டு சுவாமிக்கே பொய் சொல்லித் துணி சுத்தி மறைச்சு வைச்சிருக்கு! கொழும்புச் சனம் முழுக்க வரிசையிலை நிண்டு பாத்த பிறகு எனக்குத் தெரிய வருது.

"ஏன் என்ரை பேரை வைச்சியள்?" என்று கேட்டேன். சத்தம் போட்டுத்தான் கேட்டேன்.

"வள்ளத்துக்குப் பேர் வைக்கத்தானே வேணும்."

"மாதா இருக்கிறா, அந்தோனியார் இருக்கிறார், எத்தினை அர்ச்சிஸ்டவர் இருக்கினம்!"

"வேறை பேர் வரேல்லை," என்றார். எழும்பி வெளியால் போய்விட்டார்.

எனக்குச் சந்தோசம். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், எனக்குச் சரியான சந்தோசம். பயமும் இருக்கிறது. நாளைக்கே சென்றிக்காரன் வந்து உன்னுடைய பேர் என்ன என்று கேட்டால் நான் என்ன சொல்லுறது, மார்க்கிரேற் என்றோ?

மார்ச் 6

சீவல் தூள் எல்லாவற்றையும் அடுப்பில் போட்டேன். பேப்பரைத் திருப்பி வாசிகசாலையில் வைக்க நீக்கிலாப்பிள்ளையை அனுப்பினேன். சின்னத்தங்கம் மச்சாளின் வாயைத்தான் அடைக்க வழியில்லை. சந்தையில் யாருக்கோ, "எங்கடை தம்பியின்ரை வள்ளம் கொழும்பிலை" என்று தொடங்கியிருக்கிறா. ஓடிப்போய், கடகத்துச் சூடை மீனில் பாதியை நானே வாங்கிக்கொண்டு ஆளைக் கூட்டிவந்தேன். இரவு சூடை, காலை சூடை, நாளைக்கும் சூடை.

இதில் இன்னொரு கொடுமையும் இருக்கிறது. மாதிரி கிடைக்கவில்லை என்று அட்டை இல்லை. மாதிரி பத்திரிகைப் படத்தில் நிற்கிறது. இந்தா ஐயா என்று தூக்கிக்கொண்டு போய்க் காட்டினால், அட்டை வராது, ஜீப் வரும்.

மார்ச் 12, செவ்வாய்

படலையில் நமசிவாயத்தைக் கண்டவுடன் ஓடிப்போய்க் கொப்பியை அரிசிப் பானைக்குள் இன்னும் கீழே தள்ளிவிட்டு வந்தேன். மனுசன் வேர்த்து ஊற்றிக்கொண்டு வந்தார். கதிரையில் இருக்கவில்லை. பையிலிருந்து அதே பேப்பரை எடுத்தார்.

"இது உங்கடை சாமான்தானே?"

இவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். கடைசியில் இவர் "ஓம்" என்றார். பொய் சொல்ல வராது இந்தச் சென்மத்துக்கு. பூச்சு விசயத்தில் மட்டும்தான் வந்திருக்கிறது.

நமசிவாயம் கதவைச் சாத்தச் சொன்னார். சாத்தினேன். மனுசன் மெல்லக் கதிரையில் இருந்தார்.

"ஓடாவியார், நான் வாற வருசம் பென்சன் எடுக்கப் போறன். என்ரை காலத்திலை கொழும்புக்கு அனுப்பின பெட்டி, பாய், பானை கொஞ்சநஞ்சமில்லை. எல்லாம் அங்கை களஞ்சியத்திலை தூசி பிடிச்சுக் கிடக்கு. ஒரு சாமானை ஒரு சனம் பாத்ததில்லை. உங்கடையை மட்டும்தான் வரிசையிலை நிண்டு பாக்குதுகள்."

பையிலிருந்து தாளை எடுத்தார். பேனையைத் திறந்தார். வாசித்தார்.

"மாதிரி கொழும்பில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டதா?"

"ஓம்தானே அம்மா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஓம் ஐயா. ஆனால் எந்தக் கண்காட்சி எண்டு கேப்பினமே?"

"அதுக்கு இதிலை இடம் விடேல்லை," என்றார். ஆம் என்று எழுதினார். எழுத்துக் கொஞ்சம் கோணலாய்ப் போனது. கையெழுத்தும் போட்டார். பிறகு தேத்தண்ணி கேட்டார். நான் சீனியை அள்ளிப் போட்டுக் கொடுத்தேன். இந்தக் குடைக்காரருக்கு இவ்வளவு துணிச்சல் எங்கே இருந்தது? வேலை போனால் பென்சனும் போகும் என்று அவருக்குத் தெரியும்தானே. தெரிந்துதான் எழுதினார்.

மார்ச் 28

அட்டை வந்துவிட்டது! படம், முத்திரை, மூன்று மொழி. கீழே பெரிய எழுத்தில்: விளையாட்டுப் பொருட்கள் செய்பவர்.

இவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். சேட்டுப் பைக்குள் வைத்துப் பொத்தான் போட்டார். அந்தோனியாருக்குப் பெரிய திரி கொளுத்தினேன், கடன் இல்லை.

ஏப்ரல் 3, பெரிய புதன்

பலகை வண்டிலில் நானும் ஏறிப் போனேன். தனியே விட மனமில்லை. அட்டையைப் பிழையாக வாசித்து ஆளைப் பிடித்துக்கொண்டு போனால் கத்துகிறதற்காவது ஒருத்தி வேணும்.

சென்றியில் ஒரு சின்னப் பொடியன், மீசையும் சரியாக வரவில்லை. அட்டையை வாங்கி வாசித்தான். பலகையைப் பார்த்தான். வண்டிலுக்குப் பின்னால் இன்னொரு வண்டில் நீளத்துக்கு நீட்டிக்கொண்டு நிற்கிற பலகை. திரும்பவும் அட்டையை வாசித்தான்.

"விளையாட்டுச் சாமான்?" என்று அரைத்தமிழில் கேட்டான்.

"ஓம்," என்றார் இவர்.

"இவ்வளவு பெரிசு?"

"பிள்ளையள் வளந்திட்டினம்."

நான் வண்டிலில் இருந்தபடி அருள் நிறைந்த மரியே சொல்லத் தொடங்கிவிட்டேன், பாதியில் மறந்தும் போயிற்று. பொடியன் மற்றவனைக் கூப்பிட்டான். இரண்டு பேரும் முத்திரையைப் பார்த்தார்கள், கதைத்தார்கள், தலையைச் சொறிந்தார்கள். அரசாங்க முத்திரை. அதை ஒன்றும் சொல்ல முடியாது. கையை அசைத்து விட்டார்கள்.

திருப்பத்தில் வைத்து இவர் வண்டிலை நிறுத்தினார். ஏன் என்று பார்த்தால், குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். பெரிய கிழமையில் சிரிக்கிறது பாவம் என்றேன். சொல்லிவிட்டு நானும் சிரித்தேன். மாடு எங்களைத் திரும்பிப் பார்த்தது.

ஏப்ரல் 10

கனகலிங்கம் முதலாளிக்குச் சொல்லி அனுப்பினார்: யோசிச்சாச்சாம்.

ஏப்ரல் 23

நீக்கிலாப்பிள்ளை வந்து நெளிந்துகொண்டு நின்றான். "அக்கா, வள்ளத்துக்கு உங்கடை பேரையே வைக்கட்டோ? பேப்பரிலை வந்த பேர். ராசியான பேர்." விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு கடற்கரை வரைக்கும் கலைத்துத் துரத்தினேன். என்னைக் கம்பி எண்ண வைக்கவோ நிற்கிறான், அறுவான்!

கொட்டிலுக்குள் இவர் பலகை அடித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. காது மட்டும் சிவந்துபோய் இருந்தது.

மே 9, வியாழன்

கலப்பத்து நடக்கிறது. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் நூலைத் திணித்து அடி, திணித்து அடி. விடிஞ்சதிலிருந்து டொக் டொக் டொக். நீக்கிலாப்பிள்ளையும் கூட இருந்து அடிக்கிறான், அவனுக்குத் தாளமும் இல்லை. எனக்குத் தலையிடி மண்டையைப் பிளக்கிறது. கொஞ்சம் நிற்பாட்டச் சொல்லன் என்றா சின்னத்தங்கம் மச்சாள்.

இரண்டு பனடோல் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன். நிற்பாட்டச் சொல்ல மனம் வரவில்லை.